குரல் இருந்த இடத்தில் ஓசை

காரைக்கால் அம்மையாரின் திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகங்களில் முதலாவதில், சுரங்களின் பெயர்களை அடுக்கிச் சொல்லும் பாட்டு ஒன்று உண்டு. துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என ஆறு பெயர்கள் வரிசை மாறி அதில் வருகின்றன. பழந்தமிழ் இசையில் சுரங்கள் ஏழு. ஏழில் முதலாவதாகிய ‘குரல்’ மட்டும் பாட்டில் இல்லை. அது நிற்க வேண்டிய இடத்தில் ‘ஓசை’ என்ற சொல் நிற்கிறது. இங்கே ஓசை என்றால் குரல்தான் என்று பொருள் சொல்லி மேலே போய்விடலாம். யாப்பின் நெருக்கடி என்றும் சொல்லலாம். இரண்டிலும் தவறில்லை. ஆனால் இந்த ஊரில் இருந்துகொண்டு, கடந்த எழுபது எண்பது ஆண்டுகளில் ஒலிப்பதிவுக் கூடங்களில் நடந்திருப்பதை யோசிக்கும் எனக்கு, அந்த ஒரு சொல்லின் மாற்றம் நடந்த காரியம் முழுவதற்கும் பெயராகப் படுகிறது. குரல் இருந்த இடத்துக்கு ஓசை வந்தது. மின்னணு இசையின் சரித்திரத்தை ஒரு வாக்கியத்தில் சொல்லச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன்.

அம்மையார் அன்றே எல்லாவற்றையும் கண்டு சொல்லிவிட்டார் என்று நிறுவப்போகிறேன் என யாரும் பயப்பட வேண்டாம். அந்த வகை ஆராய்ச்சிக்கு நம்மிடையே ஆள் பஞ்சம் இருந்ததில்லை. பழைய பாட்டு புதிய சாதனத்தை முன்கூட்டிச் சொல்லாது. புதிய சாதனத்தைப் பற்றிப் பேச நம்மிடம் சொல் இல்லாதபோது சொல் தரும்; அவ்வளவுதான். எனக்கு அது இன்னொரு சொல்லும் தருகிறது. பன்னிரண்டுக்குக் குறையாத வாத்தியங்களை, பெரும்பாலும் தோல்கருவிகளை, பெயர் சொல்லி அடுக்கிவிட்டு அம்மையார் ‘விரவு’ என்ற சொல்லைப் பயன்படுத்துகிறார். ஒலிப்பதிவுக் கூடத்தில் ‘மிக்ஸிங்’ என்று சொல்வதைக் கலவை, கலப்பு என்றெல்லாம் மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறோம். பாலில் தண்ணீர் கலக்கிறது. கலந்தபின் எது எது என்று பிரிக்க முடியாது. மாலையில் மல்லிகையும் மரிக்கொழுந்தும் விரவிக் கிடக்கின்றன; இரண்டும் தெரிகின்றன. இலக்கணத்திலும் இந்தச் சொல் இருக்கிறது. உயர்திணைக்கும் அஃறிணைக்கும் பொதுவாக வரும் பெயரை விரவுப் பெயர் என்கிறார்கள். மனிதனுடையதா மற்றதனுடையதா என்று பெயரை வைத்து மட்டும் சொல்ல முடியாத நிலை. மின்னணு இசை நம் காதுகளை நிறுத்தியிருக்கும் இடம் அதுவே.

*

வாத்தியம் வாசிக்காமல் சங்கீதம் உண்டாக்கலாம் என்பது 1948ல் பாரிஸ் வானொலியில் நடைமுறைக்கு வந்தது. பியேர் ஷேஃபர் என்ற வானொலிப் பொறியாளர் ரயில் எஞ்ஜின்களின் ஒலியை இசைத்தட்டில் பதிந்து, அந்தப் பதிவுகளைக் கொண்டே ஒரு சிறு படைப்பைச் செய்தார். அவருடைய முக்கிய உத்தி ஒன்று மிக எளிமையானது. தட்டின் பள்ளம் உள்நோக்கிச் சுருண்டு போகாமல் வட்டமாகத் தன்னிலேயே மூடிக்கொள்ளும்படி வெட்டினார். ஊசி அதில் அகப்பட்டுக்கொண்டு ஒரே துண்டை மறுபடி மறுபடி ஒலிக்கும். நாலைந்து சுற்றுக்குப் பின் அது ரயில் என்பது மறந்துபோகிறது; அதன் லயமும் தடிமனும் கரகரப்பும் மட்டும் கேட்கின்றன. அரக்கோணம் மார்க்கத்தில் இருக்கும் எங்கள் ஊர்க்காரர்களுக்கு ரயில் சத்தம் என்றால் இன்ன வண்டி, இத்தனை மணி என்பதுதான். அர்த்தம் கழன்று ஒலி மட்டும் நிற்பதற்கு அந்த வட்டப் பள்ளம் வேண்டியிருந்தது. இன்று ‘லூப்’ என்று எல்லோரும் சொல்வது அதன் வம்சம்.

தட்டுக்குப் பின் காந்த நாடா வந்தது. வினாடிக்கு 38 சென்டிமீட்டர் ஓடும் நாடாவில் ஒரு வினாடி என்பது கையால் அளந்து, பிளேடால் வெட்டி, ஒட்டக்கூடிய பொருள். காலத்தை இப்படித் துணி போல வெட்டித் தைக்க அதற்கு முன் எந்தச் சங்கீதக்காரனுக்கும் வாய்த்ததில்லை. நாடாவைத் திருப்பிப் போட்டால் ஒலி முடிவிலிருந்து பிறப்புக்குப் போகும். வேகத்தைப் பாதியாக்கினால் ஒரு ஸ்தாயி கீழே இறங்கும். 1951ல் ஜெர்மனியின் கொலோன் வானொலியில் தொடங்கிய கூடம் எதிர்த்திசையில் போயிற்று. வெளியுலகின் ஒலி எதையும் எடுத்துக்கொள்ளாமல், ஆஸிலேட்டர் தரும் வெறும் மின் அலையிலிருந்து எல்லாவற்றையும் கட்டுவது அவர்கள் விரதம். அந்த விரதத்தை முறித்தது ஒரு குழந்தைக் குரல். 1956ல் ஸ்டாக்ஹவுசன் தன் ‘இளைஞர்களின் கீதம்’ என்ற படைப்பில் ஒரு சிறுவன் பாடியதை எடுத்து, அதை மின் ஒலிகளோடு சேர்த்தார். சொல் சில இடங்களில் புரிகிறது. சில இடங்களில் பாதி புரிகிறது. சில இடங்களில் குரல் என்பதே போய் ஓசைத் துகளாகிவிடுகிறது. குரலுக்கும் ஓசைக்கும் நடுவில் சுவர் இல்லை, படிக்கட்டு இருக்கிறது என்று காட்டியதே அந்தப் படைப்பின் சாதனை.

1964ல் ராபர்ட் மோக் முதலில் காட்டிய சிந்தசைசரோடு இந்த வேலை ஒரு பெட்டிக்குள் வந்தது. ஆஸிலேட்டர் அலையை உண்டாக்குகிறது. ஃபில்டர் அதில் வேண்டாத மேல் ஸ்தாயி அனுசுரங்களைச் சீவுகிறது. மூன்றாவதாக ஒரு பகுதி, ஒலி எப்படிப் பிறந்து, தணிந்து, நின்று, சாகிறது என்பதை நிர்ணயிக்கிறது. தவிலின் அடியும் நாகஸ்வரத்தின் ஊதலும் ஜென்மத்திலேயே வேறு என்று நினைத்திருக்கிறோம். ஒரே அலையைச் சட்டென்று எழுப்பி உடனே விழவிட்டால் அடித்தது போலிருக்கும்; மெல்ல எழுப்பி நிறுத்தினால் ஊதியது போலிருக்கும். ஒலியின் முதல் சில மில்லி வினாடிகளில்தான் அதன் குலமும் கோத்திரமும் இருக்கின்றன என்பதை இந்தப் பெட்டி அம்பலப்படுத்திவிட்டது. இந்தப் பகுதிகளை இணைப்பது மின் அழுத்தம். ஒரு வோல்ட் கூட்டினால் ஒரு ஸ்தாயி ஏறும். பியானோ மாதிரியான கட்டைகளை வைத்து அந்த வோல்ட்டைப் பன்னிரண்டு சம பங்காக்கினார்கள். நம் கமகம் அந்தப் பங்குகளின் இடுக்கில் இருக்கிறது. ஆனால் மின் அழுத்தத்துக்குப் படி கிடையாது. அது வழுக்கி ஏறும். கட்டைதான் அதைப் படியாக வெட்டியது. கருவி மேனாட்டுடையது, ஆகவே நமக்கு ஒவ்வாது என்று சொன்னவர்கள் கட்டையைப் பார்த்தார்களே ஒழிய மின்சாரத்தைப் பார்க்கவில்லை.

*

அந்தப் பெட்டி இந்தியாவுக்கு வந்த வருஷம் 1969. ஆமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில், அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் ட்யூடர் மோக் சிந்தசைசரோடும் டேப் ரிக்கார்டர்களோடும் ஒரு கூடத்தை நிறுவிக் கொடுத்தார். இது திடீரென்று வானத்திலிருந்து விழுந்த காரியம் அல்ல. அதற்கு இருபத்துமூன்று ஆண்டுகள் முன்பு, 1946ல், கீதா சாராபாய் நியூயார்க் போய் ஜான் கேஜைச் சந்தித்திருந்தார். பகவாஜ் வாசிக்கக் கற்ற பெண் அவர். அந்நாளில் பெண்கள் தொடாத வாத்தியம். கேஜ் அவருக்கு மேனாட்டு நவீன சங்கீதத்தைச் சொல்லித் தந்தார். அவர் கேஜுக்கு நம் சங்கீதத்தைச் சொல்லித் தந்தார். கேஜின் பிற்காலச் சிந்தனையில் இந்தப் பாடத்தின் தடம் தெளிவாக இருக்கிறது. பண்டமாற்றின் மறுபாதி கால் நூற்றாண்டு கழித்து ஆமதாபாத்துக்கு வந்து சேர்ந்தது என்று எடுத்துக்கொள்ளலாம்.

1969 முதல் 1972 வரை அந்தக் கூடத்தில் கீதா சாராபாய், ஐ.எஸ்.மாத்துர், அதுல் தேசாய், எஸ்.சி.சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோர் வேலை செய்தார்கள். பிறகு கூடம் ஓய்ந்தது. நாடாக்கள் அலமாரியில் கிடந்தன. 2017ல் பால் பர்கஸ் என்ற இங்கிலாந்து இசைக்கலைஞர் அவற்றைத் தேடி எடுத்தார். 2023ல் அவை இசைத்தட்டாக வெளிவந்தன. ஐம்பது வருஷம். நான் அந்தப் பதிவுகளைக் கேட்டபோது மேதைமையைத் தேடிக் கேட்கவில்லை. தயக்கத்தைக் கேட்டேன். ஒருவர் அலையை நீட்டி அதற்குள் சுருதி தேடுகிறார்; ஒருவர் கருவியிடம் தாளம் கேட்டுப் பார்க்கிறார். கச்சேரிக்கும் சோதனைக்கும் நடுவில் நிற்கிறவர்களின் நடை அது. அந்தத் தயக்கத்தை யாராவது அன்றே கேட்டு, ஏசி, மறுத்து, மேலே கொண்டுபோயிருந்தால் ஒரு மரபு உண்டாகியிருக்கும். கேட்பவர்கள் இல்லாததால் ஒரு பெட்டி நாடா உண்டாயிற்று. சிறுபத்திரிகைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பம்பாயிலும் இதே கதை ஒன்று நடந்தது. சினிமா வாத்தியக் குழுக்களில் வாசித்துக்கொண்டிருந்த சரண்ஜித் சிங், 1982ல் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் அமைத்து ஒரு இசைத்தட்டு வெளியிட்டார். ரோலண்ட் கம்பெனியின் தாள யந்திரமும், அடிநாதம் வாசிக்க என்று செய்யப்பட்ட டிபி-303 என்ற சின்னப் பெட்டியும் அவரிடம் இருந்தன. அந்தப் பெட்டியில் ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிப் போகும் வசதி உண்டு. கிதார்க்காரனின் கைவழுக்கலைப் போலிசெய்ய வைத்த வசதி. அதில் சிங் ராகத்தின் மீண்டைக் கேட்டுவிட்டார். தட்டு விற்கவில்லை. 2010ல் மறுபதிப்பு வந்தபோது, பின்னாளில் அமெரிக்காவில் பிறந்த ஒரு நடன இசை வகையின் ஜாடை அதில் முன்கூட்டியே இருக்கிறது என்று மேலை உலகம் வியந்தது. நமக்கு வியப்பு வேறு இடத்தில் இருக்க வேண்டும். அவர் எதையும் முந்திக்கொள்ள நினைக்கவில்லை. ராகத்தைப் பெட்டியில் வாசித்தார். ராகத்துக்குச் சுருதி நிலைக்க வேண்டும், பெட்டியால் சோர்வின்றி நிலைக்க முடியும், இரண்டும் பொருந்திவிட்டன.

*

மதராஸ் இதிலெல்லாம் சேரவில்லை என்று தோன்றலாம். உண்மையில் எல்லா இடத்தையும்விடச் சுலபமாகவும் சத்தமில்லாமலும் மின்னணு ஒலி நுழைந்தது மதராஸ் சபாக்களில்தான். வாத்திய இசையும் பொறியியலும் தெரிந்த பெங்களூர்க்காரர் ஜி.ராஜ்நாராயண் 1979ல் மின்னணுத் தம்புராவை உருவாக்கி, மியூசிக் அகாடமியின் ஆண்டு மாநாட்டில் காட்டினார். அதன்பின் சில ஆண்டுகளில் பாடகரின் பின்னால் தம்புராவோடு உட்கார்ந்திருந்த சிஷ்யை எழுந்து போனாள். சின்னப் பெட்டி வந்து உட்கார்ந்தது. தம்புராவின் நாதம் ஒரு நூல் துண்டில் இருக்கிறது. குதிரையின் மேல் தந்திக்கு அடியில் செருகும் அந்த ஜீவாளி தந்தியைக் குதிரையின் சரிவில் உரசவிட்டு மேல் அனுசுரங்களைக் கிளப்புகிறது. அதைப் பெட்டி அரைகுறையாகவே போலிசெய்தது. ஆனாலும் ஏற்றுக்கொண்டோம். தந்தி நெகிழாது, விரல் வலிக்காது, சுருதி நகராது.

ஆச்சரியம் என்னவென்றால், கீபோர்டு கச்சேரி சங்கீதத்துக்கு ஆகுமா என்று மணிக்கணக்கில் தர்க்கம் செய்தவர்கள், ஆதார சுருதியையே மின்சுற்றுக்கு விட்டுக்கொடுத்ததைப் பற்றி அதிகம் பேசவில்லை. ஆதார ஷட்ஜம்தான் பழந்தமிழில் குரல். அம்மையாரின் பாட்டில் நடந்த மாற்றம் சபா மேடையில் அப்படியே நடந்துவிட்டது. குரலின் ஸ்தானத்தில் ஓசை வந்து உட்கார்ந்து, மனிதக் குரல் அதை அண்டிப் பாடுகிறது.

*

கோடம்பாக்கத்தில் நடந்தது இன்னும் சிக்கலானது. சினிமாப் பாட்டு ஒலிப்பதிவில் நெடுங்காலம் எல்லோரும் ஒரே வேளையில், ஒரே கூடத்தில் வாசித்தார்கள். மைக்குகள் சில, பதிவாகும் தடம் ஒன்று. அப்போது மிக்ஸிங் என்பது பெரும்பாலும் ஆட்களை உட்கார வைக்கும் கலை. புல்லாங்குழல் மைக் அருகே, வயலின்கள் அரைவட்டத்தில், டிரம்ஸும் தபேலாவும் தடுப்புக்கு அப்பால். ஒருவர் பிசகினால் எல்லோரும் முதலிலிருந்து வாசிக்க வேண்டும். அந்த அலுப்பில் ஒரு கூட்டுப் பிரக்ஞை இருந்தது. வயலின்காரர் பாடகரின் மூச்சைக் கேட்டு வில்லை எடுத்தார்.

பல தடங்கள் வந்ததும் இது மெல்லக் குலைந்தது. தாளம் ஒரு நாள், வயலின்கள் இன்னொரு நாள், குரல் வேறொரு நாள். வாசிப்பவர்களைச் சேர்த்துக் கட்டுவது காதில் ஒலிக்கும் ‘டிக் டிக்’ என்ற எண்ணிக்கை மட்டும். 1983ல் உலகக் கம்பெனிகள் ஒத்துக்கொண்ட மிடி என்ற மொழி, ஒலியை விட்டுவிட்டு வாசிப்பை மட்டும் எண்ணாகப் பதிந்தது: எந்தக் கட்டை, எவ்வளவு அழுத்தம், எப்போது விட்டது. கட்டைக்கு 0 முதல் 127 வரை எண்கள். 1986ல் இளையராஜா இசையமைத்த ‘புன்னகை மன்னன்’ தமிழில் இந்த வழியைத் திறந்துவிட்ட படமாகச் சொல்லப்படுகிறது. அப்போது திலீப் என்ற பெயரில் அவர் குழுவில் வாசித்துக்கொண்டிருந்த ஏ.ஆர்.ரஹ்மான் அதன் கணினிப் பணியில் பங்குகொண்டார். 1989ல் ரஹ்மான் தன் வீட்டை ஒட்டி ஒரு ஒலிப்பதிவுக் கூடம் அமைத்தார். 1992ல் ‘ரோஜா’ வந்தது. அங்கிருந்து தமிழ்நாட்டின் காது மாறியது என்று சொல்வது மிகையல்ல.

என்ன மாறியது? ‘மெட்டு’ என்று நம் சினிமா ரசனைக்காரர்கள் சொல்வார்கள். மெட்டைவிட முக்கியமான மாற்றம் மிக்ஸிங்கில் இருக்கிறது. அந்த மேஜையில் உட்கார்ந்திருப்பவனுக்கு ஐந்து காரியங்கள் உண்டு. எது சத்தமாக, எது மெதுவாக என்று நிறுத்துவது. இடம் வலம் பிரிப்பது. ஒவ்வொரு ஒலியிலும் தடிமனான பகுதியையோ மெலிந்த பகுதியையோ குறைத்து, இன்னொன்றுக்கு வழிவிடச் செய்வது. எதிரொலி சேர்த்து ஒன்றைத் தூரத்தில் வைப்பது. கடைசியாக, ஏற்ற இறக்கத்தை அமுக்கிச் சமப்படுத்துவது. இந்தக் கடைசிக் காரியம்தான் பேய்த்தனமானது. இயற்கையில் காதோரம் சொல்லும் ரகசியம் முரசைவிடச் சத்தமாகக் கேட்காது. அமுக்கிய ஒலியில் கேட்கும். ஆக, மிக்ஸிங் என்பது யார் அருகே, யார் தொலைவில் என்று தீர்மானிப்பது. ஊருக்குள் யார், ஊருக்கு வெளியே யார் என்று பல நூற்றாண்டுகளாகத் தீர்மானித்துப் பழகிய நமக்கு இது அந்நியமான வித்தை அல்ல. பெரிய மேளம் சந்நிதியில், பறை ஊர் எல்லையில், வாய்ப்பாட்டு மேடை நடுவில், மிருதங்கம் பக்கத்தில் என்று நம் சமூகம் போட்டுவைத்திருந்த மிக்ஸிங் ஒன்று உண்டு. எல்லோரும் அதைச் சங்கீத லட்சணம் என்று நம்பியிருந்தோம்.

தொண்ணூறுகளின் பாட்டுகளில் தாளமும் அடிநாதமும் முன்னால் வந்தன. குரல் இரண்டடி பின்வாங்கி மற்ற ஒலிகளுக்குள் நின்றது. ‘வார்த்தை புரியவில்லை’ என்று பெரியவர்கள் குறைப்பட்டதன் பாதிக் காரணம் இது. மீதிக் காரணம் எங்கள் ஊர் மைக்செட்காரர் எனக்குச் சொன்னது. திருத்தணித் தாலுகா 1960 ஏப்ரல் வரை ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. இந்தப் பக்கத்துக் கல்யாணங்களில் ஒரு பந்தலில் தமிழ்ப் பாட்டும் அடுத்த தெருவில் தெலுங்குப் பாட்டும் ஒரே நேரத்தில் ஒலிப்பது சகஜம். அவர் பனைமரத்தில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டி இரண்டு மொழியிலும் தட்டு போட்டவர். ‘பழைய பாட்டு குழாய்க்குன்னே செஞ்சதுப்பா. புதுப் பாட்டைப் போட்டா பாதி மரத்து மேலேயே தங்கிடுது’ என்றார். மிகச் சரியான ஒலியியல். அந்தக் கூம்பு சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே ஏறக்குறைய ஊமை. குரலும் ஷெனாயும் வயலினும் அதில் கணீரென்று வரும், அடிநாதம் வராது. குரல் முன்னே நிற்கும் மிக்ஸிங் அந்தக் கூம்புக்கு ஏற்ற மிக்ஸிங். கேஸட்டும் பெட்டி ஸ்பீக்கரும் வந்த பிறகே அடிநாதத்துக்கு வாய் கிடைத்தது. அழகியல் என்று நாம் வாதாடும் பலவும் இப்படிக் கடைசியில் ஒரு தகரக் கூம்பின் வடிவத்தில் போய் முடிகின்றன.

பறையும் கானாவும் அடிநாதத்தின் தோளில் ஏறிப் பாட்டின் முன்வரிசைக்கு வந்ததை நான் லாபமாகவே எண்ணுகிறேன். இழப்பையும் எழுத வேண்டும். இன்று ஒரு வயலின் கூட்டம் வேண்டுமென்றால் பதிந்து வைத்த ஒலிகளிலிருந்து ஒருவரே விசையால் எழுப்பிவிடலாம். கோடம்பாக்கத்தில் வில் பிடித்த எத்தனையோ கைகளுக்கு வேலை குறைந்தது. வேலை இருப்பவர்களும் ஒருவரையொருவர் பார்க்காமல் வாசித்துவிட்டுப் போகிறார்கள். அம்மையாரின் விரவுக்கு ஒரு நிபந்தனை இருந்தது: அத்தனை பேரும் அதே இரவில் அதே காட்டில் இருந்தார்கள்.

*

அந்த நிபந்தனை அறவே அற்றுப்போன இடத்தைப் பார்க்க ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போக வேண்டாம். பல கோயில்களில் பூஜை வேளையில் நின்றால் போதும். மோட்டாரில் சுழலும் சக்கரம் முரசையும் மணியையும் ஜால்ராவையும் ஒன்றாக அடிக்கிறது. அதில் ஆஸிலேட்டரும் இல்லை, ஃபில்டரும் இல்லை. ஆனால் அதுதான் தமிழ்நாட்டில் மிகப் பரவலாகக் கேட்கும் லூப். மேளக்காரருக்குச் சம்பளமும் மானியமும் நின்றுபோன இடத்தில் சுவிட்ச் வந்திருக்கிறது. ஷேஃபரின் வட்டப் பள்ளத்தில் ஒலி சுழன்றபோது கேட்பவன் விழித்துக்கொண்டான். புதிதாக எதையோ கேட்டான். இந்தச் சக்கரம் சுழலும்போது யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டாம் என்பதற்காகவே அது வைக்கப்பட்டிருக்கிறது. உத்தி ஒன்றாக இருக்கலாம், காரியம் நேர் எதிர். யந்திரம் வந்ததால் உயிர் போயிற்று என்ற புலம்பலில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆமதாபாத் நாடாக்களில் யந்திரம் இருக்கிறது, உயிர் இருக்கிறது. கேட்பவன் இருக்கிறானா என்பதே கேள்வி.

அதே பதிகத்தில் இன்னொரு பாட்டு நடுநிசியில் வாகை நெற்றுகள் ஒலிப்பதைச் சொல்கிறது. கூகை பாடுவதைச் சொல்கிறது. கத்துகிறது, அலறுகிறது என்பதில்லை, பாடுகிறது. காய்ந்த நெற்றின் சலசலப்பும், பறவையும், துத்தமும் கைக்கிளையும், தமருகமும் குடமுழாவும் ஒரே செவியில் விழுகின்றன. எதுவும் சங்கீதத்துக்கு வெளியே தள்ளப்படவில்லை. புராணப்படி அவருக்குக் கிடைத்த வரம் ஆடும் பாதத்தின் கீழ் இருப்பது. செப்புச் சிலைகளில் கையில் தாளத்தோடு உட்கார்ந்திருக்கிறார். பாடுகிறவருடைய இடம் மேடையின் முன்வரிசையில் இல்லை; எல்லாம் வந்து விழும் அடியில் இருக்கிறது. அங்கிருந்துதான் விரவு கேட்கும்.

*

இனி நம் விஷயத்துக்கு வருகிறேன். சங்கீதம் குரலை விட்டு ஓசைக்குப் போன அதே பத்தாண்டுகளில் தமிழ்க் கவிதை எதிர்த்திசையில் நடந்தது. செப்பல், அகவல், துள்ளல், தூங்கல் என்று செய்யுளுக்கு இலக்கணம் விதித்தவை ஓசைகள். அவற்றைக் கழற்றி வைத்தது புதுக்கவிதை. 1959ல் ‘எழுத்து’ தொடங்கியது, 1962ல் சி.சு.செல்லப்பா தொகுத்து வெளியிட்ட தொகுப்புக்குப் பெயரே ‘புதுக்குரல்கள்’. அதன்பின் ஒரு கவிஞனைப் பாராட்ட வேண்டுமென்றால் அவனுக்குத் தனிக்குரல் இருக்கிறது என்றோம். சரியான காரியம்தான். கேட்கவே முடியாத அளவுக்குப் பழைய ஓசை கோயில் சக்கரமாகச் சுழன்றுகொண்டிருந்தது. அதை நிறுத்தாமல் எந்தக் குரலும் எழுந்திருக்காது.

ஆனால் நிறுத்திய பிறகு என்ன செய்தோம்? குரலை மைக் அருகே கொண்டுவந்து வைத்தோம். மற்ற எல்லா ஒலியையும் தூரத்தில் வைத்தோம், அல்லது அணைத்தோம். அந்தரங்கம் என்று நாம் கொண்டாடிய பல கவிதைகளில் இருப்பது அமுக்கிச் சமப்படுத்திய ஒரு ரகசியம்: முரசைவிடச் சத்தமாகக் கேட்கும் முணுமுணுப்பு. தெருவும், பக்கத்து வீடும், இன்னொரு மொழியும், ரயிலும், வாகை நெற்றும் அதில் இல்லை. அங்கே சங்கீதக்காரன் குரலைக் கரைத்துவிடும் ஆபத்தில் இருக்கிறான். இங்கே நாம் குரலைத் தவிர எதையும் கேட்காத ஆபத்தில் இருக்கிறோம். இரண்டு ஆபத்துக்கும் ஒரே மாற்றுத்தான் எனக்குத் தெரிகிறது. ஒன்றில் ஒன்று அழியாமல் விரவுவது.

இதை நடைமுறையில் சோதித்துப் பார்க்கலாம். நம் கூட்டங்களில் கவிதை வாசிப்பதை இப்போது கைப்பேசியில் பதிந்துகொள்கிறோம். பிறகு யாராவது ஒருவர் மென்பொருளில் போட்டு மின்விசிறிச் சத்தம், நாற்காலி இழுபடும் சத்தம், வெளியே போகும் வண்டிச் சத்தம் எல்லாவற்றையும் நீக்கி, குரலை மட்டும் தேய்த்துத் துலக்கி அனுப்புகிறார். அடுத்த முறை நீக்குவதற்கு முன்னால் ஒரு தடவை முழுவதும் கேளுங்கள். எந்தக் கவிதை அந்தச் சத்தங்களோடு நிற்கிறது, எது அவற்றை வெளியே அனுப்பினால்தான் நிற்கிறது என்று தெரிந்துவிடும்.